உயரத்தில் ஒரு பெயர்

துப்பறிவாளர் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

அவளுடைய அப்பா வளர்த்த மரத்தோட்டம் அது. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். மரத்தில் கத்தி வைத்தவர்களுக்கு மட்டும் அதன்பிறகு அங்கே இடமில்லை. பெற்ற பிள்ளையானாலும் அதுதான் சட்டம். தோட்டத்தின் மூத்த மரத்தில் ‘சிட்டு’ என்று வெட்டியிருப்பதை அண்ணன் போனில் படம் பிடித்துப்போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறான். சிட்டு என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். மூட்டுவலியால் வாசல் தாண்டாத அப்பா, படத்தைப் பார்த்ததோடு சரி. மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

“பின்வரிசை மரத்தையெல்லாம் வெட்டிட்டு கார் நிறுத்த இடம் பண்ணணும்னு அண்ணனுக்கு ஆசை சார். குறுக்க நின்னது நான் ஒருத்திதான். அப்பாவுக்குத் தெரியாம நாளைக்கு வெட்ட ஆள் வருது.”

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய உதவியாளர் பட்டாசு. அவர் எழுந்திருப்பதற்குள் பட்டாசு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மூத்த மரத்தடியில் அண்ணன் காத்திருந்தான். மண் தரையில் அவன் ஷூ மட்டும் பளபளவென்று இருந்தது. முழங்கால் உயரத்தில் ஓடிய ஒரு பழைய வேலிக் கம்பி, மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. மரம் கன்றாக இருந்தபோது யாரோ கட்டியது. பட்டை அதை விழுங்கிவிட்டது. பட்டாசு அதில் தடுக்கி விழப் பார்த்தாள். எழுத்தோ அவள் கையை உயர்த்தியும் எட்டவில்லை.

“ஸ்கூல் படிக்கிறப்ப வெட்டியிருக்கா. மரம் வளர வளர எழுத்தும் மேல போயிடுச்சு” என்றான் அண்ணன். பட்டாசுக்கு அது நியாயமாகவே பட்டது.

நிதானம் ஏணி கேட்டு வாங்கி ஏறினார். எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, இறங்கி வந்து விரலை முகர்ந்தார். பிறகு அப்பாவை இங்கேயே அழைத்து வரச் சொன்னார்.

சக்கர நாற்காலி மரத்தடிக்கு வந்ததும் நிதானம் கம்பியைக் காட்டினார்.

“இதைக் கட்டினப்ப முழங்கால் உயரம். மரம் இவ்வளவு வளர்ந்தும் இன்னைக்கும் முழங்கால் உயரம்தான். மரம் நுனியிலதான் உசரும். அடிமரம் பருக்கும், மேல போகாது. கம்பி ஏறலை, எழுத்து மட்டும் எப்படி ஏறும்? சிட்டு வெட்டியிருந்தா அந்த வயசுல அவங்க கை எட்டின இடத்துலயேதான் இருக்கும். இதை ஏணி போட்டு இப்பதான் வெட்டியிருக்காங்க. பழசா தெரியணும்னு ஷூ பாலிஷ் பூசியிருக்காங்க. மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாத, ஷூவுக்கு பாலிஷ் போடுற ஒருத்தர் வேலை.”

எல்லோரும் அண்ணனின் காலைப் பார்த்தார்கள். அப்பா தலை நிமிர்ந்து எழுத்தைப் பார்த்தார். படத்தில் தெரியாத உயரம் நேரில் தெரிந்தது.

“தோட்டத்துச் சாவியை வச்சிட்டு வெளிய போடா” என்றார் மகனிடம். மகளிடம் திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. “மனசுல வச்சுக்காதம்மா.”

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். கோபம் தணியவே இல்லை.

“அண்ணனுக்கு மரத்தைத் தெரியாது, தப்பு பண்ணான். உங்களுக்கு மரத்தைத் தெரியும்பா. என்னையும் தெரியும்னு நினைச்சிட்டேன்.”

வெட்ட வருகிறவர்களைத் தடுக்க, பின்வரிசைப் பக்கத்துக் கதவைப் பூட்டப் போனாள். அப்பாவின் நாற்காலியைத் தள்ளப் பட்டாசுதான் வரவேண்டியிருந்தது.