சகலையின் நிழல்

காலை மணி அடித்ததும் ஆவுடைநாயகம் முகம் கழுவுவதற்கு முன்பே ஜன்னலுக்குப் போய், சகலையின் நிழல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பான். நிலவின் தென்முனையில் காலை என்பது கடிகாரம் சொல்வதுதான். அங்கே சூரியன் உச்சிக்கு ஏறுவதே கிடையாது. மாதம் முழுக்க அடிவானத்தை ஒட்டியே சுற்றி வரும். மேட்டின் மேல் நிற்கும் இரண்டு ஒளிக்கோபுரங்களின் நிழல்களும், அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாம்பல் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆவுடைநாயகம் இருக்கும் கோபுரம் பெருங்கடல் ஒன்றியத்துடையது. கூப்பிடு தூரத்தில் நிற்கும் மற்றது வடமுனைக் கூட்டரசுடையது. பூமியில் பாதியை இவர்களும் மீதியை அவர்களும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோபுரம் ஏறி, வெயிலை மின்சாரமாக்கும் கதிர்ப்பலகைகளைத் துடைக்க மட்டும் இரண்டு பேருக்குமே ஆரல்வாய்மொழிக்காரர்கள் தேவைப்பட்டார்கள். காற்றாலைக் கம்பங்களில் ஏறி இறங்கிப் பழகிய ஊர். உயரம் என்றால் தலை சுற்றாது. தனியாக வந்தவர்கள் ஆறு மாதத்தில் பைத்தியம் பிடித்துத் திரும்பியதால், மனைவியோடு வரச் சொன்னார்கள். அப்படித்தான் ஆவுடைநாயகம் பகவதியோடு ஒன்றியத்துக்கு வந்தான். பகவதியின் தங்கை செண்பகத்தைக் கட்டிய தாணுலிங்கம் கூட்டரசுக்கு வந்தான்.

சூரியன் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இவன் கோபுரத்தின் நிழல் அங்கே ஒரு தடவை விழும், அவன் கோபுரத்தின் நிழல் இங்கே ஒரு தடவை விழும். நிழல் விழுந்தால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் சூடு இல்லை, மூச்சுக்காற்றும் ஓடாது. ஆகவே முதலில் வந்த வேலைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். யாருடைய நிழல் விழப்போகிறதோ அவன் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நிழல் விலகும்வரை தரையில் கிடக்கும் கம்பி வழியாக மின்சாரம் அனுப்ப வேண்டும். தலைநகரங்கள் முதலில் கண்டும் காணாமல் இருந்தன. பிறகு அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு நிழல் உடன்பாடு என்று பெயர் வைத்தன. இரண்டு வல்லரசுகளுக்கும் நடுவே மற்ற உடன்பாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிழிந்தபோது, மிஞ்சியது இது ஒன்றுதான்.

நிலவில் ஆயுதம் கூடாது என்று சட்டம் இருந்தது. உயரம் கூடாது என்று சட்டம் இல்லை. கூட்டரசு ஒரு அடுக்கு ஏற்றினால் ஒன்றியம் ஒரு அடுக்கு ஏற்றும். சமமாக இருந்தவரை இருவருக்கும் இருட்டு வந்தது, இருவரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்கினார்கள். போன வருடம் கூட்டரசு ஒரேயடியாக மூன்று அடுக்கு ஏற்றிவிட்டது. அன்றிலிருந்து தாணுவின் கோபுரத்துத் தலை எப்போதும் வெயிலில் நின்றது. இவனுடைய நிழல் அதன் இடுப்புக்கு மேலே எட்டவில்லை. வாங்குகிறவன் ஆவுடைநாயகம் மட்டும் என்று ஆயிற்று.

அங்கே மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சிய மின்சாரத்தில் செண்பகம் பிச்சிப்பூ வளர்த்தாள். ஊர்தியில் வாரம் ஒரு பொட்டலம் அக்காவுக்கு வரும். பகவதி அதைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது, மனைவியின் கூந்தலில் சகலையின் கோபுரமே நட்டு வைத்திருப்பதுபோல ஆவுடைநாயகத்துக்குத் தோன்றும்.

மாமனார் ஊரிலிருந்து திரையில் வந்தால் அதற்கு மேல். "சின்ன மாப்பிள்ளை கோபுரத்தை இங்கேருந்து தொலைநோக்கியிலே பாக்கலாமாம்லா, மாப்பிள்ளை? பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதாங்க."

"எங்க கோபுரமும் அதுக்குப் பக்கத்துலதான் நிக்கி, மாமா."

"அப்படியா? அது தெரியலையே" என்றார் மாமனார், ஒரு கள்ளமும் இல்லாமல்.

அந்த வாரம்தான் பூமியில் நீரிணை ஒன்றின் இரண்டு கரைகளிலும் இரண்டு கடற்படைகளும் வந்து நின்றன. ஒருவன் முதலில் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தாணு கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நாளைக்கு நம்ம நிழல் உங்க மேல விழும். கம்பியிலே மின்சாரம் விடுதேன்."

"சரி."

"கணக்குப் பாக்காதிய, வேணுங்கிற மட்டும் எடுத்துக்கிடுங்க. இங்கே சும்மாதானே போவுது. செண்பகம்கூடச் சொல்லுதா, அக்கா வீட்டுல நல்லா சூடு வச்சுக் குளிக்கட்டும்னு."

கபடமில்லாமல் சிரித்தான் தாணு. அந்தச் சிரிப்புதான் ஆவுடைநாயகத்தைச் சுட்டது. தன் வீட்டு வெந்நீரைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்! மறுநாள் நிழல் விளிம்பு ஜன்னலைத் தொட்டபோது, கம்பி உள்ளே வரும் இடத்துக்குப் போய் இணைப்புக் கைப்பிடியைக் கீழே இழுத்து, வரும் மின்சாரத்தை அடைத்துவிட்டான். பேட்டரி இருக்கிறது, சமாளித்துவிடலாம், ஒரு தடவையாவது அவன் தயவு இல்லாமல் கடந்துவிடலாம் என்று நினைத்தான். நடுவில் தாணு கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இவன் எடுக்கவில்லை.

பழைய பேட்டரி. நிழல் பாதி கடப்பதற்குள் பெரும்பாலும் இறங்கிவிட்டது. பகவதி போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, "என்னாச்சுங்க, இவ்வளவு குளிருது?" என்றாள். அதற்குள் தலைமையகத்தின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றியத்து அதிகாரி தோன்றினார். அவர் பேசுவதை மொழிமாற்றி பாடப்புத்தகத் தமிழில் சொன்னது.

"உங்கள் நிலையத்தில் மின்சாரம் வீழ்ந்துள்ளது. கூட்டரசுக் கோபுரத்தின் நிழல் உங்கள் மீது உள்ளதா?"

"ஆமா."

"உடன்பாட்டின்படி அவர்களிடமிருந்து மின்சாரம் வந்ததா?"

வந்தது, நான்தான் வாங்கவில்லை என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் என்ன? என் சகலைக்குப் பூச்செடி இருக்கிறது, எனக்கு இல்லை என்பதா?

"வரலை" என்றான்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் எதிர்பார்த்த விருந்தாளி வாசலில் நிற்பதைப் பார்த்தவரின் முகம் அது. "உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"ஆமா."

பகவதி அறியாமல் கைப்பிடியை மேலே தள்ளிவிடலாம் என்று எழுந்தான். மேலே தள்ளினால் மின்சாரம் வந்துவிடும். சொன்னது பொய் என்று ஆகிவிடும். திரும்ப உட்கார்ந்துகொண்டான்.

பிறகு சில மணி நேரத்துக்குள் நடந்ததெல்லாம் அவன் கைக்கு மீறி நடந்தது. ஒன்றியம் அதை இருட்டுத் தாக்குதல் என்றது. நாங்கள் அனுப்பினோம், நீங்கள் நாடகம் ஆடுகிறீர்கள் என்றது கூட்டரசு. நிலையங்களுக்கு இடையே பேச்சுத் தொடர்பை இருவரும் துண்டித்தார்கள். ஒன்றியத்துக் கப்பல் ஒன்று நீரிணைக்குள் நுழைந்தது. கூட்டரசு அதை மூழ்கடித்தது. பதிலுக்கு ஒரு துறைமுகம் எரிந்தது. அதற்குப் பதிலுக்கு இன்னொன்று. பேட்டரியில் மிச்சமிருந்த உயிரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ஆவுடைநாயகம், தலைமையகத்தைக் கூப்பிட்டான்.

"ஐயா, நான் சொன்னது பொய். மின்சாரம் வந்துச்சு. நான்தான் மூடி வச்சேன்."

மொழிமாற்றி அதை அவருக்குச் சொன்னது. அவர் வியக்கவில்லை.

"உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் இப்போது இது பயன்படாது. அவர்களுடைய கோபுரத்தை எங்கள் நாட்டுக் குழந்தைகள் ஒரு வருடமாகத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எவ்வளவு நாள் பொறுப்பது? நீங்கள் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லியிருப்பார்."

"அதான் சொல்லுதேன்லா, அவங்க தப்பு ஒண்ணுமில்ல!"

"தொடர்பு முடிகிறது" என்றது மொழிமாற்றி.

அப்போதுதான் ஜன்னலோரம் நின்ற பகவதி கூப்பிட்டாள். "ஏங்க, அங்கே பாருங்க. ஒரு வெளிச்சம் வருது."

கம்பி கிடக்கும் வழியே ஒரு தலைவிளக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான்கு எட்டு நடக்கும், நிற்கும், குனியும். மண்டியிட்டுக் கம்பியைக் கையால் தடவும். மறுபடி நான்கு எட்டு.

"நம்ம செண்பகம் மாப்பிள்ளைல்லா அது? சண்டை நடக்கும்போது வெளியே வந்து எதைத் தேடுதாரு?"

எதைத் தேடுகிறான் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தது. அனுப்பிய மின்சாரத்தை இந்தப் பக்கம் இழுக்கவில்லை என்பதை மட்டும் தாணு தன் அளவுமானியில் பார்த்திருப்பான். சகலை வேண்டாமென்று மூடி வைத்திருப்பான் என்பது அவன் புத்தியிலேயே ஏறியிருக்காது. கம்பி எங்கோ அறுந்துவிட்டது, பார்க்காமல் விட்டோம், அதனால்தான் உலகம் பற்றி எரிகிறது என்று நினைத்து, இல்லாத அறுப்பை விரல் விரலாகத் தேடி வருகிறான்.

அதிகாரியிடம் அவன் சொன்னதைக் கேட்டிருந்த பகவதி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்பி உள்ளே வரும் இடத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் தலையில் பூ இல்லை.

"கைப்பிடியை மேலே தூக்கிட்டேன்" என்றாள். அறை விளக்குகள் எரிந்தன. "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

விண்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே, நிழலுக்குள், இரண்டு விளக்குகளும் சந்தித்தன. நேருக்கு நேர் வந்ததும் சட்டை ரேடியோவில் தாணுவின் மூச்சிரைப்பு கேட்டது.

"அண்ணாச்சி! உயிரோட இருக்கியளா? அக்கா நல்லாருக்காளா?"

"இருக்கா."

"இதுவரைக்கும் எல்லாம் பாத்துட்டேன், ஒரு கீறல் இல்ல. இனி உங்க பக்கத்துலதான் இருக்கும். கொஞ்சம் விளக்கைக் காட்டுங்க, ரெண்டு பேருமாப் பாத்துருவோம்." குனியப் போனவன் நிமிர்ந்தான். குரல் உடைந்தது. "என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மாசா மாசம் கம்பியைப் பாக்கணும். பூச்செடியைப் பாத்துக்கிட்டு அதை விட்டுட்டேன். எத்தனை பேரு செத்துட்டாங்களோ தெரியலையே. எல்லாம் என்னால."

அவனுக்குப் பின்னால் அடிவானத்தில் பூமி தொங்கியது. இருண்ட பாதியில், நகரங்களின் பழைய விளக்குகள் எரிந்த இடங்களில், வேறு நிறத்தில் வெளிச்சங்கள் பூத்துப் பூத்து அணைந்தன.

அந்தக் கணத்திலும் ஆவுடைநாயகத்துக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. செய்யாத தப்புக்கே இவனால் இவ்வளவு எளிதாக அழுது மன்னிப்புக் கேட்டுவிட முடிகிறதே!

தாணு மறுபடி மண்டியிட்டு, கம்பியைத் தடவ ஆரம்பித்தான். ஆவுடைநாயகம் எதிரே மண்டியிட்டு அவன் கையுறையைப் பிடித்து நிறுத்தினான்.

"தேடாதே தாணு" என்றான். "கம்பி அறுபடலை."

தாணுவின் விளக்கு மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தில் விழுந்தது. மீதியையும் சொல்லட்டும் என்று அது அசையாமல் நின்றது.