தலைமாடு உயர்ந்த கட்டில்

கட்டில்காரர் சொன்னபடி பிற்பகலில் வந்துவிட்டார். அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கொண்டுபோக மகள்தான் கூப்பிட்டிருந்தாள். அறையில் தைல வாசனை இன்னும் போகவில்லை.

“என்னக்கா, தலைமாட்டை இறக்காமலே வச்சிருக்கீங்க?”

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கடைசி ராத்திரியில் அதை இறக்கியவளே அவள்தான்; அதற்குப்பின் யாரும் அதைத் தொடவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, பகலெல்லாம் தூக்கம், இடையிடையே ஏதோ உளறல். வயசு, வேறென்ன என்று நினைத்துவிட்டாள். தலைமாடு உயர்ந்தே இருக்கணும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் தூக்கத்தில் அப்பாவின் கழுத்து தொங்கியது. மனசு கேட்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலைச் சமமாக்கி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

காலையில் அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“வயசானவங்களுக்கு நிமோனியா சத்தம் காட்டாம வரும்மா,” என்றார் டாக்டர்.

“நான் படுக்க வச்சதாலயா, டாக்டர்?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா.”

இல்லை என்று அவர் சொல்லவில்லையே! அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் உயிர் தவித்தது.

கட்டில்காரர் தலைமாட்டை இறக்கினார். “எண்ணெய் கேட்டுச் சண்டை போடுற கட்டில்க்கா இது,” என்று சிரித்துவிட்டுக் கயிறு எடுக்க வாசலுக்குப் போனார்.

கிரீச்.

கைப்பிடி தானாகச் சுற்றியது. தலைமாடு மெல்ல மேலே வந்தது.

திரும்பி வந்தவர் கயிற்றோடு நின்றுவிட்டார்.

“திருகு தேஞ்சிருக்குமோ?” என்றாள் அவள்.

“தேஞ்சா இறங்கும்க்கா. ஏறாது.”

அவர் அவசர அவசரமாகக் கட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய்ந்தது. அப்பா போனதிலிருந்து அவளுக்கும் இருமல். கட்டில் இருந்த இடத்தில், வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். அப்பாவின் போர்வை மூலையில் மடித்துக் கிடந்தது. இருமி இருமி நெஞ்சு வலித்தது.

“என்மேல கோவமாப்பா?”

கிரீச்.

கட்டில் இல்லாத அறையில் கைப்பிடி சுற்றும் சத்தம்.

கிரீச். கிரீச்.

அவள் தலை தரையைவிட்டு உயர்ந்தது. பிறகு தோள்கள். அடியில் ஒன்றுமே இல்லை.

மூச்சு சீராகும் உயரம் வந்ததும் சத்தம் நின்றது. அவள் வாய்விட்டு அழுதாள். பயமும் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

மூலையில் கிடந்த போர்வை மெல்லப் பிரிந்து, அவள் கழுத்துவரை வந்து நின்றது.