பந்தை விடாத கை

"இவ நடிக்கிறான்னு உங்க வாயால சொல்லிடுங்க, டாக்டர். அது போதும்."

சுமைதூக்கும் தொழிலாளி, மகளை முன்னே தள்ளினார். "ஏத்தத்துல பாதியிலேயே உட்கார்ந்துடுவா. நாலு அதட்டு போட்டா எழுந்து ஜோரா நடப்பா. நோயாளியால முடியுமா? இவ அண்ணனும் இப்படித்தான், சோம்பேறி. கிடங்குக்குக் கூட்டிப்போன அன்னைக்கே படுத்தான். ஒண்ணுக்கு காப்பி நிறத்துல போச்சு. கிட்னி கெட்டு... போயிட்டான்."

தசைநோய் மருத்துவர் ரப்பர் பந்தொன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். உதவி மருத்துவர், அழுத்துமுன்பும் பின்பும் அதே கையில் ரத்தம் எடுத்தாள். "போதும், விடும்மா" என்றபோது பந்து விழவில்லை. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

முடிவு வந்ததும் உதவி மருத்துவர் துள்ளி வந்தாள். "பிடிச்சுட்டேன் சார்! தசை உழைச்சா சர்க்கரை உடைஞ்சு ரத்தத்துல லாக்டேட் ஏறணும். இவளுக்கு இம்மிகூட ஏறலை. அழுத்தவே இல்லை, நடிப்புதான்!"

"அவசரக்குடுக்கை, அடுத்த வரி?"

"அம்மோனியா... எக்கச்சக்கமா ஏறியிருக்கு." குரல் இறங்கியது.

"ஏமாத்தியிருந்தா அதுவும் ஏறாது. பாவம், உயிரைக் கொடுத்து அழுத்தியிருக்கா. தசைக்குள்ள சேர்த்துவெச்ச சர்க்கரையை உடைக்கத்தான் அவளுக்கு வழியில்லை. அந்த விரல் அப்பவே சொல்லிச்சே!"

"அப்ப அதட்டினதும் நடக்கிறது?"

"அதட்டு இல்லம்மா, ஓய்வு. உட்கார்ந்த நேரத்துல ரத்தம் வேற எரிபொருளைக் கொண்டுவந்து சேர்க்குது. மரபணுச் சோதனையும் செஞ்சு உறுதிப்படுத்திக்கலாம்."

அப்போதுதான் உதவி மருத்துவருக்கு உறைத்தது. மகள் நடிக்கவில்லை என்றால், மகன்?

கசப்பான உண்மையை ஆளை உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது மருத்துவரின் வழக்கம். அப்பாவையும் மகளையும் உள்ளே அழைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். சுமை தூக்காமல், மெல்லத் தொடங்கி நடந்தால் மகள் நன்றாக வாழ்வாள் என்றார்.

"அப்ப... பெரியவன்?"

"இனி சோதிக்க முடியாது. ஆனா அவனும் சோம்பேறி இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"கடைசி மூட்டையை அவன் தோள்ல ஏத்திவிட்டது நான்தான், டாக்டர்."

மகள் தன் வலிக்கும் கையை அவர் கைமேல் வைத்தாள். "அண்ணன் உங்களைத் திட்டவே இல்லப்பா. 'அப்பாவுக்குத் தெரியாதுல்ல'ன்னுதான் சொன்னான்."

அவர்கள் போவதை உதவி மருத்துவர் ஜன்னல் வழியே பார்த்தாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் ஏற்றத்தின் பாதியில் மகள் உட்கார்ந்தாள். அப்பா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேருந்து வந்தது, போனது. அவர் எழவில்லை.