செல்லிக்கு உப்பு

கொடியில் கிடந்த ரவிக்கையை எடுத்து உதறியபோது அக்குள் இரண்டிலும் வெளிச்சம் தெரிந்தது. அம்சம் அதை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். எலி கடித்தால் துணி ஓரத்தில் கந்தலாகும். இது நடுவில், நூல் நூலாக உருவி எடுத்தது போல, உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. முந்தின நாள் உளுந்து பிடுங்கிவிட்டு வந்து, துவைக்கச் சோம்பல்பட்டு வியர்வையோடு அப்படியே வீசிய ரவிக்கை. பக்கத்தில் கிடந்த துவைத்த சேலையில் ஒரு நூல்கூடக் கலையவில்லை.

கொல்லையில் மூங்கில் கால்களின் மேல் நின்ற கூண்டின் விளிம்பில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் குனுகவில்லை. எல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் செல்லி.

செல்லி அவள் புருஷன் தங்கையனின் பந்தயப் புறா. சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மினுக்கு. விழுப்புரத்தில் கூடையைத் திறந்துவிட்டால் கூத்தாநல்லூர் பாய்மார்களின் பறவைகளையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, நன்னிலம் தாண்டி, இந்தக் கூரை வீட்டைத் தேடி வந்து இறங்கும். இறங்கியதும் தங்கையன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வான். ஒரு கல்லுப்பைத் தன் உதட்டில் வைத்து நீட்டுவான். அது எடுத்துக்கொள்ளும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். வாசற்படியில் சோற்றுச் சட்டியோடு நின்று அம்சம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அவன் 'இந்தா' என்றுதான் கூப்பிட்டான். செல்லி என்ற பெயர் அவள் வருவதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது.

தை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது, சங்கத்துக்காரர்கள் வரப்பில் மறித்தார்கள், போலீஸ் வந்தது. தெருவில் பாதி ஆண்கள் திருச்சி ஜெயிலுக்குப் போனார்கள். தங்கையனும் போனான். குடியிருக்கிற மனை இனிக் குடியிருக்கிறவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. பட்டாதான் இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது கூரை இருக்காது. அதனால் அம்சம் தனியாக இருந்தாள். புறாக்களோடு.

மாசியில் காத்தான் ஜாமீனில் வந்தான். தங்கையனின் கூட்டாளி. வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"செல்லி உப்பு தின்னுதான்னு கேட்டான் புள்ள. இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும், உருண்டையக் கொறச்சிடாதன்னு சொல்லச் சொன்னான்."

"வேற என்ன சொன்னாருண்ணே?"

காத்தான் யோசித்தான். "வேற ஒண்ணும் சொல்லலியே."

அந்த உருண்டைகளைத் தங்கையனே பிசைந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். செம்மண், செங்கல் தூள், கிளிஞ்சல் சுண்ணாம்பு, கல்லுப்பு. காத்தான் போனதும் அம்சம் கூடையோடு எடுத்துப்போய்க் குட்டையில் கொட்டினாள். உருண்டைகள் கரைந்து தண்ணீர் சிவப்பாகிற வரைக்கும் நின்று பார்த்தாள். அவர் வரும்போது அது மெலிந்து, இறகு உதிர்ந்து, யாரும் கையில் எடுக்க விரும்பாத பறவையாக இருக்கட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

முதலில் அவை மண்சுவரைக் கொத்தின. பிறகு அம்மிக்கல்லை, உப்பு அரைபட்ட அந்தக் குழிவை மட்டும், பகல் முழுக்க டொக் டொக்கென்று. பிறகு ரவிக்கை. அதற்குப் பிறகு ஒருநாள் பாயை வெயிலில் போட்டபோது, அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் கோரை பிரிந்து தரை தெரிந்தது. அவள் கொல்லையில் நடந்தால் பின்னாலேயே இறங்கி, ஈரப் பாதம் பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு வந்தன. வியர்க்க ஆரம்பித்தால் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் திரும்பும். வெயில் ஏற ஏற அவளுக்கு வியர்த்தது. பயத்தில் இன்னும் வியர்த்தது.

செல்லியை வளர்த்துக் கொடுத்த அப்துல் வஹாப் பாய் ஒருநாள் சைக்கிளில் வந்தார். கூத்தாநல்லூரில் பலசரக்குக் கடை. கூண்டை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உப்பு வைக்கிறியா தங்கச்சி?"

"வச்சிக்கிட்டுதான் இருக்கேன் பாய்."

"குஞ்சுக்கு ஊட்டுற நேரத்துல உப்பு இல்லன்னா இதுங்க ஒரு நெலயில இருக்காது. எதைத் திங்கிறோம்னு தெரியாது. தங்கையன் வர்ற வரைக்கும் செல்லிய மட்டும் நான் கொண்டுபோயி வச்சிக்கட்டுமா?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் செல்லிதான் வேண்டும்.

"வேணாம் பாய். அவரு எங்கிட்டதான் விட்டுட்டுப் போனாரு."

அவர் ஒரு பொட்டலம் கல்லுப்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை அடுப்படிப் பானைக்குள் ஒளித்தாள்.

மறுநாள் மதியம் கூண்டிலிருந்து ஒரு வாடை வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். செல்லியின் குஞ்சுகள் இரண்டும் கிடந்தன. அவற்றின் மேல் தோல் இல்லை. செல்லி பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து, அலகை மரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டிருந்தது.

அம்சம் இறங்கி ஓடிப் பானைக்குள் இருந்த உப்பை அள்ளி, கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாகக் கொல்லை முழுக்க வைத்தாள். "தின்னுங்க. தின்னுத் தொலைங்க." புறாக்கள் இறங்கின. உப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தன. ஒன்றுகூடக் குனியவில்லை. சிவந்த கால்களை மெல்ல எடுத்து வைத்து அவளை நோக்கி வந்தன.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

உள்ளே இருட்டும் புழுக்கமும். மேலே கூரைக் கீற்றின் மீது கால்கள் நடக்கும் சத்தம், காய்ந்த சருகில் மழை தொடங்குவது போல. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பயத்தில் தொடங்கிய அழுகை எங்கெங்கோ போய், 'வேற ஒண்ணும் சொல்லலியே' என்பதில் வந்து நின்று, அங்கேயே விம்மியது. அப்போது சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த சந்தில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. செல்லி இறங்கி வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. அவளால் அசைய முடியவில்லை. கழுத்தில் இறகின் சூடு பட்டது. தவிட்டு வாசனை. மற்ற பறவைகள் போல அண்ணாந்து விழுங்காது புறா; அலகை முக்கி உறிஞ்சும். அலகு அவள் இடது கண்ணோரத்தில் முங்கியது. மெல்ல, வலிக்காமல் உறிஞ்சியது. கண்ணீர் தீர்ந்ததும் கன்னத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு குனுகியது.

வெகுநாளைக்குப் பிறகு கேட்ட குனுகல்.

அவள் தன்னையறியாமல் கண்ணை மூடினாள். அவருக்குக் கிடைத்தது இதுதானா? இத்தனை நாளும் இதைத்தான் அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தாரா?

அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. மதியமானால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். அழுகை வராவிட்டால் வரவழைத்துக்கொள்வாள். அவர் உதட்டிலிருந்த கல்லுப்பை நினைத்தால் போதும், வந்துவிடும். செல்லி வரும். "இப்ப நீ எனக்குத்தான்" என்பாள். மற்றவையும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கழுத்து மடிப்புக்கு, முழங்கை உட்புறத்துக்கு. தோல் புண்ணாயிற்று. புண்ணில் கசிவு வந்தபோது அவை இன்னும் நேரம் இருந்தன. இடது கண்ணில் பார்வை கலங்கி, பிறகு பால் போலாகி, பிறகு எதுவும் தெரியாமல் போயிற்று. தனக்கு என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியும். சில சமயம், செல்லி பறந்து போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். நாளைக்குக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட வேண்டும் என்று நினைப்பாள்.

மறுநாள் மதியம் வரும்.

அப்படியொரு மதியத்தில் காத்தானின் குரல் வாசலுக்கு வந்தது. "புள்ள, கேசு தள்ளுபடியாயிடுச்சு. தங்கையன் நன்னிலத்துல பஸ்ஸ விட்டு எறங்கிட்டான். வந்துக்கிட்டே இருக்கான்."

"சரிண்ணே," என்றாள் உள்ளிருந்தபடியே. குரல் அவளுடையது போல இல்லை. காலடி விலகிப் போனது. எழுந்து தாழை மட்டும் நீக்கிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

சந்தின் வழியாக வந்தன. எல்லாம் வந்தன. மடியில், தோளில், தலையில். சூடு. கனம். கடைசியில் செல்லி.

வெளியே வரப்பிலிருந்து ஒரு குரல்.

"செல்லீ... வா... வா..."

தங்கையன். ஊருக்குள் வந்து முதலில் கூப்பிட்ட பெயர்.

செல்லி தலையைத் தூக்கியது. கழுத்து நீண்டது. இறகு விரியத் தொடங்கியது. 

போகப் போகிறது. அவனிடம்.

அவள் நகத்தைக் கண்ணோரத்துப் புண்ணில் வைத்தாள். அழுத்திக் கீறினாள். சூடாக வழிந்தது.

இறகு மடங்கியது. செல்லி குனிந்தது.

கதவு தள்ளப்பட்டது. வெயில் உள்ளே விழுந்தது. வாசலில் தங்கையன் நின்றான். கையில் துணிப்பை. வலது கண்ணால் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது. ஒரு புறாவும் பறக்கவில்லை. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அலகுகள் சிவந்திருந்தன.

"செல்லி," என்றான் மறுபடியும், மெதுவாக.

திரும்பவில்லை.

பை கையிலிருந்து நழுவியது. "அம்சம்," என்றான். "அம்சம்."

அவள் தலையைத் திருப்பவில்லை. அசைந்தால் பறந்துவிடும்.

இடது கண்ணில் இனி எடுக்க ஒன்றுமில்லை. செல்லி நிமிர்ந்தது. ஈரக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவள் மூக்கின் மேல் ஏறியது. நின்றது. அந்தப் பக்கம் இறங்கியது.

அவள் இமையை மூடாமல் வைத்துக்கொண்டாள்.