மகராழிக் கோட்டையின் பிணை

மேல்கடலில் சூரியன் இறங்கி, கீழ்வானில் பூரண சந்திரன் எழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், இருபுறமும் கரும்பாறைகள் நெருக்கி நின்ற மகராழி நீரிணையின் வழியாகச் சோழ நாட்டுக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய் விரித்துச் சென்றுகொண்டிருந்தன. கோட்டை மாடத்தில் தன்னந்தனியே நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். அருமை வாசகர்களே, ஏழாண்டுகளாக அவனுக்கு இதுதான் வேலை! நல்ல வேலைதான் என்று நாம் சிரிக்கலாம்; அவனால் சிரிக்க முடியவில்லை.

அந்த நீரிணையின் சட்டம் கொடியது. நாகை வணிகர் தலைவர் அரையன் மல்லனாரின் சொந்த மகன் கோட்டையில் பிணையாக இருக்கும் வரையில்தான் அவர்களுடைய கலங்களுக்கு வழி உண்டு. பிணை ஓடினாலோ, ஆள்மாறாட்டம் வெளிப்பட்டாலோ அன்றே வழி அடைபடும். நீரிணைக்குள் இருக்கும் அவர்களுடைய மாலுமிகள் அத்தனை பேரும் அடிமைகளாவார்கள்.

காலடி ஓசை கேட்டுத் திரும்பினான். வந்தவள் நீரிணை அரசரின் மகள் தாராவதி. கடல் வழக்குகளில் தீர்ப்புச் சொல்பவளும் அவளே. இருவரும் ஒருவரையொருவர் நேசித்தது கோட்டைச் சுவர்களுக்கு மட்டுமே தெரியும்.

"விடங்கரே, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தங்கள் தந்தையார் காலமாகிவிட்டார். நீர்க்கடன் செய்ய மகனுக்கு நான்கு திங்கள் விடுதலை அளிப்பது எங்கள் மரபு. அதுவரை வழியும் திறந்திருக்கும். எங்கள் அதிகாரிகள் இருவருடன் நாளைக் காலையில் தாங்கள் ஊருக்குப் புறப்படலாம்!"

ஊர்! அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் உதடுகள் துடித்தன. மறுகணமே முகம் இருண்டது.

"நான் போகவில்லை, தேவி."

"பெற்றவருக்கு நீர்க்கடன் செய்யாத மகனும் உண்டா?"

அவன் தலைகுனிந்தான். மல்லனாரின் உண்மையான மகன் நாகையில் சுகமாக இருக்கிறானே! ஊரறிந்த அவனை அதிகாரிகள் கண்டுவிட்டால்?

தாராவதி கூர்ந்து நோக்கினாள். தந்தையின் மரணத்துக்குக் கலங்காத அந்த முகம், ஊரின் நினைவுக்கு ஏன் அப்படித் துடித்தது? அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தேவி, உண்மையில் என் பெயர்..."

சட்டென்று அவன் வாயைத் தன் கரத்தால் பொத்தினாள்.

"வேண்டாம்! என் சந்தேகத்துக்குத் தீர்ப்பு இல்லை. காதால் கேட்டதற்கு உண்டு. கேட்டுவிட்டால் நாளையே வழியை அடைக்க வேண்டியவள் நான். துயர மிகுதியால் தாங்கள் பயணம் செய்ய இயலவில்லை என்று சபையில் சொல்கிறேன். இந்தக் கடலின் மீது ஆணை, தங்கள் பெயரை எந்நாளும் கேட்கமாட்டேன்!"

"அப்படியானால் தாங்கள் நேசிப்பது யாரை?"

"இங்கே நிற்பவரை" என்று சொல்லி, அழுகையை அடக்கிக்கொண்டு விரைந்து சென்றாள்.

கடைசிக் கலமும் நீரிணையைக் கடந்தது. அவன் கடலைப் பார்த்து, "காரி" என்று மெல்லச் சொன்னான்.

ஆம், கோழையான முதலாளி மகனுக்குப் பதிலாக வந்த, நாகைப்பட்டினத்தில் சுக்கான் பிடித்த காரி! ஏழாண்டுகளாக அவனை அப்படி அழைத்தவர் யாருமில்லை. இனி அழைக்கக்கூடிய ஒருத்தியும், கேட்கமாட்டேன் என்று ஆணையிட்டுப் போய்விட்டாள்.