ஏழு மாடி, ஏழு பலகை

அக்காவுக்கு அந்தப் பெரிய பொறியியல் கல்லூரிதான் வேண்டும். அது கிடைக்காமல் போய்விடுமோ என்ற நினைப்பில் ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மதிப்பெண்கள் இருந்தன. ஆனால், "உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி மூன்று ஆகிவிட்டது.

"வாலு, இதைக் கொஞ்சம் கேளேன்" என்றாள். வாலு நான்தான். எனக்குப் பத்து வயது.

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தாள். "சிறு வயது முதலே மனித குலத்துக்குச் சேவை செய்வதே என் இலட்சியம். ஓய்வு நேரத்தில் நீச்சல் பயில்வேன்…"

"இது யாரு, அக்கா?"

"நான்தான்!"

"உன்னைக் குளிக்க வைக்கவே அம்மா நாலு தடவை கத்தணும். நீச்சலா?"

தலையணை பறந்து வந்தது. நான் குனிந்துகொண்டேன்.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்களாம்" என்றாள் அக்கா. "அப்பாகூட லிஃப்ட் ரிப்பேருக்குப் போறேன்னு எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

எங்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாட்களில் அக்காவும் கூடப் போவாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "நீ எழுதவே வேணாம். என்கிட்ட பேசு, நான் எழுதிக்கிறேன். லிஃப்ட்ல அப்படி என்னதான் இருக்கு?"

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதல் தடவை அப்பா லிஃப்ட் கூரை மேல என்னை ஏத்தி நிறுத்தி, மேல பாருன்னார். ஒரே இருட்டு. அதுக்குள்ள ஆறு இரும்புக் கயிறு. ஒவ்வொண்ணும் என் விரல் கனம்தான். உள்ள இருக்கிறவங்க தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, போன் பேசிக்கிட்டு போறாங்க. அவங்க உயிரையே அந்த ஆறு கயிறுதான் தாங்குது. யாருக்கும் தெரியாது, வாலு!"

என் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. தினமும் என்னோடு போர்வைக்குச் சண்டை போடும் அக்காவா இப்படிப் பேசுகிறாள்?

"அப்புறம்?"

"அப்பா வழக்கமா பாக்கிற ஏழு மாடிக் கட்டடத்துல, ஒருநாள் அஞ்சாவது மாடியில 'வேலை நடக்கிறது' பலகையை வைக்க மறந்துட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ள லிஃப்ட் இல்ல. ஒருத்தர் போனைப் பாத்துக்கிட்டே காலை எடுத்து வைக்கப் போனார். நான் கத்தின கத்துல பின்னால விழுந்தார். பிழைச்சார். அன்னிக்கிலிருந்து ஏழு மாடியும் நானே ஏறி, ஏழு பலகையும் வச்சுட்டுத்தான் வேலையைத் தொடுவேன். அதை எழுதாதே! அப்பாவுக்கே தெரியாது."

"அதை விட்டுட்டா, நீ ஏன் ஏழு மாடி ஏறறேன்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கி, பிழைகளைத் திருத்தி, தானே எழுதத் தொடங்கினாள். நீச்சல் போய்விட்டது. மனித குலமும் போய்விட்டது.

விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஐந்தரை மணிக்கு வந்த அப்பா, கட்டுரையை நின்றபடியே படித்தார். அக்கா நகத்தைக் கடித்தாள்.

"இதுக்காகவா ஏழு மாடியும் ஏறி இறங்கினே?" என்றார் அப்பா. "நீ உடம்பு இளைக்கத்தான் நடக்கறேன்னு நான் நினைச்சேன்."

அக்காவின் தலையில் கை வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். அக்கா எல்லாவற்றையும் அலைபேசியில் படமெடுத்து அனுப்பினாள். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கட்டுரை போய்ச் சேர்ந்தது.

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "எங்கள் லிஃப்ட், மூன்றாவது மாடி வந்தால் கிறீச்சிடுகிறது. வரும்போது அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டு, என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா?"

அவ்வளவு பெரிய கல்லூரி எங்கள் அக்காவிடம் கேட்கிறது! நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

அக்கா எழுந்து போய், தன் பைக்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தாள்.