வலது ஓரத்தில் நின்ற திருகு

காலை 10.50. வளப்பூர் நாடு மலைக் கிராமத்தில், மிளகு விவசாயிகள் சங்கத்தின் உலர்த்தும் அறையைத் திறந்த யமுனா அலறினாள். அனலுக்குள், மிளகு தரம் பிரிக்கும் கண்ணாயி சுருண்டு கிடந்தாள். மூச்சிருந்தது, நினைவில்லை. கதவைப் பிறாண்டிய நகங்களில் ரத்தம்.

11.40. எஸ்.ஐ. சவரிமுத்து வந்தபோது ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கியிருந்தது.

"கதவு எப்படிப் பூட்டுச்சு?"

"ஓங்கிச் சாத்துனா வெளித் தாழ்ப்பாள் தானா விழுந்துக்குங்க சார்," என்றாள் சங்கச் செயலாளர் யமுனா. "அதுக்குத்தான் உள்ள பொத்தான். அழுத்துனா இந்தப் பெட்டி 'உள்ளே ஆள் இருக்கு'ன்னு கத்தும். ஊரே திடுக்கிடுதுன்னு சண்டைக்கு வந்தாங்க. போன வாரம் பெட்டியைச் செஞ்ச இந்தப் பிரேம்கிட்டயே சொல்லி, சத்தம் குறைக்கத் திருகு வச்சோம்."

வெளிச்சுவர்ப் பெட்டியில் திருகு வலது ஓரத்தில் நின்றது.

"ஃபுல்லாத்தான் வச்சிருக்கு. பெட்டிதான் ஊமையாயிருச்சு," என்றான் அந்த அறைக்கு அடுப்பு எரிக்கும் தனபால். "படிச்சவரு வேலைங்க, நாம என்னத்தச் சொல்றது?"

"நீங்க தொட்டீங்களா?"

"எனக்கெதுக்குங்க அது? தொட்டதே இல்லீங்க."

பிரேம் வாசலைப் பார்த்தான். அங்கே சனம் வழிமறித்து நின்றது. "பாதி அளவுல வச்சுக் கேட்டேனுங்க. நல்லாத்தான் கத்துச்சு. கடைசி பஸ் போயிருமேன்னு ஓடிட்டேன்."

"அக்கா செத்துட்டா இவருமேல கொலைக் கேஸுங்களா?" என்றான் தனபால். பிரேம் சுவரோடு ஒண்டினான்.

"கண்ணாயி எதுக்கு உள்ளே போனாங்க?"

"மிளகு மூட்டையில பப்பாளி விதை கலந்திருக்குன்னாங்க," என்றாள் யமுனா. "மதியம் வர்ற வியாபாரிகிட்டக் காட்ட ஒரு பிடி அள்ளிட்டு வரப் போனாங்க. கலந்தது யாருன்னு மட்டும் சொல்லலீங்க."

12.30. மூவரையும் அலுவலக அறையில் இருக்கச் சொன்னார் சவரிமுத்து. திருகை நடுவில் வைத்தார். கூட வந்த ஏட்டு அறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பெட்டி கத்தியது. ஒவ்வொரு தடவையும் திருகை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"காது வலிக்குது. கொஞ்சம் குறைங்க," என்றார்.

யமுனா இடப்பக்கம் திருகினாள். பெட்டி இரண்டு மடங்கு கத்த, துள்ளி விலகினாள்.

பிரேமும் இடப்பக்கமே திருகினான். பெட்டி இன்னும் கத்தியது. "ஐயோ! சர்க்யூட் பலகையைக் கவுத்து வச்சு ஈயத்தால பத்த வச்சேனுங்க. திருகோட ஓரக்கால் ரெண்டும் இடம் மாறி, வலம் இடமாப் போச்சு."

கடைசியில் தனபால். அவன் கை யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் போனது. பெட்டி அடங்கியது.

"வலப்பக்கம் திருப்பினா குறையும்னு செஞ்சவனுக்கே தெரியல," என்றார் சவரிமுத்து. "தொட்டதே இல்லாத உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தனபால் கையை இழுத்துக்கொண்டான்.

"ஒரு நாள் சத்தம் தாங்காம நீயே திருப்பிப் பார்த்திருக்கே. ஓரத்துல நிறுத்தினா ஊமை, பார்க்கிறவங்களுக்கு ஃபுல். பழி பிரேமுக்கு. கலந்தது நீதானே?"

"மூட்டையை மாத்துற வரைக்கும் அடைஞ்சு கெடக்கட்டும்னுதான் கதவைச் சாத்துனேங்க சார்... சாகட்டும்னு நெனக்கலீங்க."

"அந்தம்மா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்காங்க. நீ நாலடி தள்ளி விறகு போட்டிருக்கே."

1.15. ஆஸ்பத்திரியிலிருந்து போன். கண்ணாயி கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

"நீங்க ஊட்டுக்குப் போகலாம் தம்பி," என்றார் சவரிமுத்து.

பிரேம் நகரவில்லை. "கால் ரெண்டையும் மாத்தி வச்சுட்டுப் போறேனுங்க."

"கை வைக்காதீங்க. அது சாட்சி."

"அப்ப வேற பெட்டி செய்யறேனுங்க சார். அதுல திருகே கிடையாது. ஊரு சண்டைக்கு வந்தா வரட்டும்."